அடையாளத்துக்கு வைத்த இலை

ஒரு புத்தகம் முடிகிற சனிக்கிழமையில் அந்தக் கொட்டகையில் யாரும் கஞ்சியை மென்று குடிப்பதில்லை. மடக்மடக்கென்று இறக்கிவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவரவர் பலகைக்கு வந்துவிடுவார்கள். அடுத்த புத்தகம் எது என்று அன்றைக்குத்தான் தீர்மானமாகும்.

தலசேரி போகிற சாலையோரத்தில் ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை அது. நாற்பது பேர் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். கைக்கு வேலை உண்டு, காதுக்கு இல்லை. அதனால் காலையில் பத்திரிகை, கஞ்சிக்குப் பிறகு புத்தகம். நடுவில் ஒரு உயரப் பலகை. அதில் ஏறி உட்கார்ந்து அனந்தன் வாசிப்பான். வாசிக்கிறவன் சுற்ற முடியாது. அவனுக்குக் கூலி குறையக் கூடாதென்று, சாயங்காலம் ஆளுக்கு நாலு பீடியை அவன் முறத்தில் போட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் கட்டுக் கட்டுவார்கள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் போடாதவன் மறுநாள் தலைநிமிர்ந்து உட்கார முடியாது.

புத்தகத்தை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எழுந்து நின்று சொல்ல வேண்டும். அனந்தன் அதிலிருந்து ஒரு பக்கம் வாசிப்பான். பிடித்தவர்கள் கத்தரியால் முறத்தின் விளிம்பில் தட்டுவார்கள். தட்டு பலமாக விழுந்தால் அந்தப் புத்தகம். விழாவிட்டால் சொன்னவன் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். பிறகு ஒரு மாசத்துக்காவது அவனைப் போட்டு வறுத்தெடுப்பார்கள்.

பெண்கள் இந்தக் கொட்டகைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பின்வரிசை மூன்றும் அவர்களுடையவை. கத்தரி தட்டியிருக்கிறார்கள். கதையில் யாராவது செத்தால் மூக்கைச் சிந்தியிருக்கிறார்கள். எழுந்து நின்று ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னவள் மட்டும் இன்னும் இல்லை.

அன்றைக்குக் கௌசு சொல்லப்போகிறாள். முறத்துக்கு அடியில், முந்தானை மறைப்பில், பச்சை அட்டை போட்ட புத்தகம் இருந்தது. 'ஏழு கோடை, ஒரு காடு' என்று பெயர். வடக்கே எங்கோ காட்டிலாகாவில் காவலராக இருந்த ஒருவர் எழுதியது. ஊர் வாசகசாலையில் இரண்டு வருஷமாகக் கிடந்தும் யாரும் எடுத்ததில்லை. தேதி குத்துகிற தாள் வெள்ளையாகவே இருந்தது. மீன் வறுத்துக்கொண்டே அதைப் படித்து இரண்டு முறை மத்தியைக் கருக்கியிருக்கிறாள். புருஷனிடம் வசவும் வாங்கியிருக்கிறாள்.

"பயமா இருக்குதாடி?" என்றாள் பக்கத்தில் இருந்த யசோதை.

"இல்லை."

"நூலை மூணு சுத்துச் சுத்துற. ரெண்டு போதும்."

கௌசு நூலை அறுத்தாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. பதினாலு வயதிலிருந்து சுற்றுகிறாள். புகையிலைத் தூள் ஏறி ஏறி மழைக்காலத்தில் நெஞ்சு கீச்சென்று கத்தும். முதுகெலும்பில் ஓரிடம் எப்போதும் சுட்டுக்கொண்டே இருக்கும். இருபது வருஷத்தில் எத்தனை இலை அவள் விரலுக்கு நடுவே போயிருக்கும் என்று கேட்டால் சிரிப்பாள். ஆனால் அந்த இலை எங்கே விளைகிறது, எப்படி இருக்கும், யார் பறிக்கிறார்கள் என்று இந்தப் புத்தகம் கைக்கு வருகிறவரை அவளுக்குத் தெரியாது. கொட்டகையில் யாருக்குமே சரியாகத் தெரியாது. லாரி வரும், சாக்கு இறங்கும், சாக்கைப் பிரித்தால் கட்டுக் கட்டாக இலை இருக்கும். அவ்வளவுதான்.

புத்தகத்தின் அறுபத்தொன்றாம் பக்கத்தில் அது இருந்தது. அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு அன்றைக்கு முறத்திலிருந்து எடுத்த ஒரு பீடி இலையை வைத்திருந்தாள்.

"அதைச் சொல்லிட்டே ஆரம்பி" என்றாள் யசோதை. "'நம்ம இலையைப் பத்தின புஸ்தகம்'னு சொன்னா பாதிப் பேர் அப்பவே தட்டிருவாங்க."

"சொல்ல மாட்டேன். வாசிக்கும்போது அவங்களுக்கே தெரியணும். எனக்கு அப்படித்தான் தெரிஞ்சது, அடுப்படியில. அப்படியே தூக்கி வாரிப்போட்டுச்சு."

"உனக்கு ரொம்பத் திமிருடி" என்றாள் யசோதை. அதைத் திட்டாகச் சொல்லவில்லை.

முதலில் எழுந்தவன் பொக்கன். மீசையை முறுக்கிக்கொண்டே திரிகிற இருபத்தாறு வயதுக்காரன். ஒரு கொலைக்கதையைத் தூக்கிக் காட்டினான். "முதல் பக்கத்துலயே பிணம் விழுது. ரெண்டாவது பக்கத்துல இன்னொண்ணு. இதுக்குமேல நான் என்ன சொல்றது?"

அனந்தன் ஒரு பக்கம் வாசித்தான். முன்வரிசை இளவட்டங்கள் பலமாகத் தட்டினார்கள். சாத்துக்குட்டி மட்டும் தட்டவில்லை. நாற்பது வருஷமாகச் சுற்றுகிற மனிதர். அவர் சுற்றிய பீடியை இருட்டில் தடவிப் பார்த்தே இது அவருடையது என்று சொல்லிவிடலாம். அவர் தட்டினால் நடுவரிசை முழுக்கத் தட்டும்.

"வேற யாரு?" என்றான் அனந்தன்.

கௌசு எழுந்தாள். முழங்கால் சொடக்குவிட்டது. நாற்பது தலை திரும்பியது.

"நான் ஒண்ணு சொல்றேன்."

"சொல்லு கௌசேச்சி, மீன் வறுக்கிறதைப் பத்தின புஸ்தகமா?" என்று பொக்கன் ஆரம்பித்தான்.

"நீ வாயை மூடு, மீசை கழண்டு விழுந்துறப் போகுது" என்றாள் யசோதை. பின்வரிசை சிரித்தது.

"இது காட்டைப் பத்தின புஸ்தகம்" என்றாள் கௌசு. "காட்டுல ஏழு வருஷம் இருந்தவர், கண்ணால பார்த்ததை எழுதியிருக்காரு. மரம், பட்சி, மழை, அங்க இருக்கிற ஜனங்க."

"கதை?"

"கதை இல்லை."

"கதாநாயகன் யாரு, கரடியா?"

கொட்டகை குலுங்கியது. இன்னொருவன், "காடு பார்க்கணும்னா ஆறளத்துக்கு பஸ் ஏறிப் போ. அதை உக்காந்து கேக்கணுமா?" என்றான்.

சாத்துக்குட்டி முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஏண்டி மோளே, நாம இங்க குனிஞ்சு உக்காந்து கிடக்கோம். காத்தும் வெளிச்சமும் இருக்கிறவன் எழுதினதை நாம எதுக்குக் கேக்கணும்? நமக்கு அதுல என்ன இருக்கு?"

கேலி இல்லாமல் கேட்டார். அதனால்தான் கௌசுவுக்குச் சுருக்கென்றது. இதற்குப் பதில் அறுபத்தொன்றாம் பக்கம்தான். ஆனால் அதை இப்போதே உடைக்கக் கூடாது.

"ஒரு பக்கம் கேளுங்க ஏட்டா. அப்புறம் நீங்களே சொல்லுங்க."

புத்தகத்தை அனந்தனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "இலை வச்சிருக்கேன். அந்தப் பக்கம்."

அனந்தன் தலையாட்டினான். அதற்குள் பொக்கன், "அனந்தேட்டா, தூக்கம் வந்தா பலகையிலேர்ந்து விழுந்துறாதீங்க" என்று குரல் கொடுக்க, அனந்தன் அவன் பக்கம் திரும்பி ஏதோ திருப்பிக் கொடுத்தான். கை தன்பாட்டுக்குப் புத்தகத்தைத் திறந்தது. இலை விரலில் தட்டுப்பட்டது. இருபத்திரண்டு வருஷம் பீடி சுற்றிய விரல் அது. இலை கையில் வந்தால் என்ன செய்ய வேண்டுமென்று அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டை விரலால் நடு நரம்பை நீவியது, காம்பைக் கிள்ளியது, பக்கத்தில் இருந்த மம்முவின் இலைக் குவியலில் போட்டது. அனந்தன் இன்னும் பொக்கனைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தான். மம்முவும் குனிந்து பார்க்காமல், குவியலில் மேலாகக் கிடந்த அந்த இலையை எடுத்துத் அளவுத் தகட்டை வைத்துக் கத்தரித்தார்.

பார்த்தவள் கௌசு ஒருத்திதான். வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அனந்தன் குனிந்து பார்த்தான். இலை போனதும் தாள் புரண்டு தானாக நின்ற பக்கத்தில் கண்ணை வைத்து, பத்திரிகை வாசிக்கிற அதே கனத்த குரலில் தொடங்கினான்.

"'ஆனி மாதத்தில் பெய்த மழை, பதினொன்றரை அங்குலம். ஆடியில் பதினான்கு. ஆவணியில் ஒன்பதே முக்கால். புரட்டாசியில்...'"

கொட்டகை ஒரு நிமிஷம் பொறுத்தது. பிறகு முன்வரிசையில் ஒருத்தன் பொய்க் குறட்டை விட்டான். இன்னொருத்தன் தொடர்ந்தான். பொக்கன் முறத்தை நிமிர்த்தி அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். அனந்தன் விடாமல் வாசித்தான். எடுத்த பக்கத்தை முடிக்காமல் வைக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. முன்னால் ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி முதுகில் சொட்டியபோதும் பத்தி முடிகிறவரை நகராதவன். வாசிக்கிறவனை நடுவில் நிறுத்துவதும் அந்தக் கொட்டகையில் கிடையாது. சண்டை வந்தால்கூடப் பக்கம் முடிந்த பிறகுதான் வரும்.

பக்கம் முடிந்தால் தட்டு விழாது. விழாவிட்டால் கதை தீர்ந்தது. யசோதை தலையைக் குனிந்துகொண்டாள். பின்வரிசையில் எல்லாருமே குனிந்திருந்தார்கள். நாளைக்கு அவர்களில் இன்னொருத்தி எழுந்தால், 'ஐப்பசியில் எத்தனை அங்குலம்?' என்று கேட்டே உட்காரவைத்துவிடுவார்கள். அது கௌசுவுக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"நிறுத்துங்க" என்றாள்.

அனந்தனின் குரல் அறுந்தது. குறட்டையும் நின்றது.

"அது நான் சொன்ன பக்கமில்லை. என் இலையை எடுத்து மம்முக்கா குவியல்ல போட்டுட்டீங்க. அவரு அதை வெட்டிட்டாரு."

மம்மு மடியைப் பார்த்தார். "அட படச்சோனே, சுத்தியும் முடிச்சுட்டேனே!"

சிரிப்பு வெடித்தது. அனந்தன் தன் விரலைப் பார்த்தான், யாரோ திருடனைப் பிடித்தவன் போல. கௌசு சிரிக்கவில்லை. முன்னால் நடந்தாள்.

"கொடுங்க, பக்கத்தை எடுத்துத் தர்றேன்."

எடுத்தாள். தரவில்லை. வரிசை வரிசையாகச் சிரிக்கிற முகங்களைப் பார்த்தாள். இனி அனந்தன் அதே குரலில் எதை வாசித்தாலும் இவர்கள் காதில் மழைதான் விழும். அனந்தனுக்குப் பக்கத்தில் பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது.

அனந்தன் பலகையை விட்டு இறங்கினான். அப்புறம் தள்ளி நின்றுகொண்டான்.

விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வாசிக்கத் தொடங்கினாள். பத்திரிகைக் குரல் இல்லை. கிணற்றடியில் ஆளை நிறுத்திவைத்துச் சேதி சொல்கிற குரல்.

"'மாசி மாதத்தில் கோண்டுப் பழங்குடிகள் கோடாரியோடு காட்டுக்குள் போகிறார்கள். பெரிய மரங்களைத் தொடுவதில்லை. இடுப்பு உயரத்துக் கன்றுகளைத் தரையோடு வெட்டிப் போடுகிறார்கள். புதிதாகப் பார்க்கிறவனுக்கு இது அக்கிரமமாகத் தோன்றும். நாற்பது நாள் கழித்து வந்து பாருங்கள். வெட்டிய இடத்திலிருந்து செம்பு நிறத்தில் துளிர் கிளம்பியிருக்கும். அது பச்சையாகி, உள்ளங்கை அகலம் வந்து, மெல்லிய தோல் போல ஆகும்போது பறிக்க வேண்டும். முந்தினால் சுருங்கிவிடும். பிந்தினால் முற்றிவிடும்.'"

"என்ன கீரையா?" என்றான் பொக்கன். ஒருவரும் சிரிக்கவில்லை. நடுவரிசையில் ஒரு கத்தரி நின்றிருந்தது.

"'விடியுமுன் பெண்கள் போகிறார்கள். வளர்ந்த மரங்களில் அப்போது பழம் மஞ்சளாகக் கனிந்திருக்கும். கரடிக்கு அந்தப் பழமென்றால் உயிர். ஆகவே பெண்கள் உரக்கப் பாடிக்கொண்டே பறிக்கிறார்கள். கரடிக்குத் தங்கள் வரவைத் தெரிவிக்கிறார்கள். வெயில் ஏறுமுன் வீடு வந்து, குடும்பம் முழுக்கச் சுற்றி உட்கார்ந்து, ஐம்பது ஐம்பது இலையாக அடுக்கி நாரால் கட்டுகிறார்கள்.'"

"ஐம்பதா?" என்றார் மம்மு.

இப்போது எல்லாருமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் மடியில் கிடந்த கட்டைப் பார்த்தார்கள். ஐம்பது இலை, நார்க் கட்டு.

"'வளர்ந்த மரத்து இலை தடித்தது. மடித்தால் முறியும். தூரம் நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் பக்கத்து மரத்திலேயே அதைப் பறித்து, நல்ல இலைகளுக்கு உள்ளே, கட்டின் நடுவில் வைத்துவிடுகிறார்கள்.'"

"நடுவுலதான்! நடுவுலயேதான்!" யசோதை எழுந்தே விட்டாள். "எத்தனை வருஷமா நான் திட்டிட்டு இருக்கேன், எந்தக் கள்ளி நடுவுல வைக்கிறாளோன்னு!"

"அட இரு, இது நம்ம இலையா?"

"பின்னே வேற என்னவாம்!"

"இல்லை" என்றார் சாத்துக்குட்டி.

சத்தம் அடங்கியது.

"பீடி இலை மரத்துல இல்லை. கொடி. வடக்கே மலை பூரா படர்ந்து கிடக்கும். இங்க இருக்கிற எல்லாருக்கும் நான் சொல்லியிருக்கேன். புஸ்தகத்துல எவன் வேணாலும் எதையும் எழுதுவான்."

கௌசு புத்தகத்தை மூடவில்லை. இவரை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் யாருக்கும் இல்லை. ஆனால் இந்தப் பலகையில் பெண் உட்காருகிற வழக்கமும்தான் இல்லை.

"எழுதினவன் கையை நம்ப வேண்டாம் ஏட்டா. உங்க கையை நம்புங்க. பிரிக்காத கட்டு ஒண்ணு எடுங்க. மேல இருக்கிறதுல ஒண்ணு, நடுவுல ஒண்ணு. நேத்து ராத்திரி பூரா நனைஞ்ச இலைதானே."

சாத்துக்குட்டி கையை நீட்டி ஒரு கட்டை எடுத்தார். நாரை அவிழ்த்தார். மேல் இலையை எடுத்து மடித்தார். பேசாமல் வளைந்து கொடுத்தது. அடுக்கைப் பாதியில் பிளந்தார். விரல் இரண்டு இலையைத் தள்ளி மூன்றாவதில் நின்றது. கண்ணால் பார்க்கவே இல்லை, தடவித்தான் எடுத்தார். நீவினார். மடித்தார்.

டக்கென்று முறிந்தது. கடைசி வரிசைவரை கேட்டது.

முறிந்த இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நாற்பது வருஷமாக முறத்திலிருந்து தூக்கி எறிந்த இலை.

"அப்போ இது கிழட்டு மரத்து இலை" என்றார். "ஏதோ ஒரு கிழவி. காலு வராம, வாசல் மரத்துல பறிச்சிருக்கா."

"கொடின்னு யாரு ஏட்டா சொன்னது?" என்றான் பொக்கன்.

"லாரி டிரைவர் சொன்னான்."

"எப்போ?"

"முப்பது வருஷம் இருக்கும். என்னடா இப்போ? அவன் சொன்னான், நான் சொன்னேன். நீ படிச்சியா? அவதானே படிச்சா." கௌசுவைப் பார்த்துத் தாடையை உயர்த்தினார். "வாசி மோளே. இன்னும் இருக்கில்ல?"

இருந்தது. ஒரே ஒரு பத்தி.

"'கட்டுகளை மணலில் வரிசையாகப் பரப்பி வெயிலில் காய வைக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் பட்டாளம் படுத்திருப்பதுபோல இருக்கும். காய்ந்ததும் சாக்கில் அடைக்கிறார்கள். சாக்கு லாரியில் ஏறியதும் இந்த இலையின் கதை முடிந்துவிடுகிறது.'"

கௌசு புத்தகத்தை மடியில் வைத்தாள்.

"முடிஞ்சுபோச்சா?" என்றார் மம்மு.

"அந்தப் பக்கம் முடிஞ்சுபோச்சு."

"அதில்லை. இலையோட கதை முடிஞ்சுபோச்சுன்னா எழுதியிருக்கான்?"

அப்போதுதான் கொட்டகை கிளம்பியது. ஆளுக்கு ஆள் கத்தினார்கள். லாரியில் ஏறினா முடிஞ்சுருமா? அப்போ நாங்க இங்க என்ன பண்ணிட்டிருக்கோம், பல்லாங்குழியா ஆடுறோம்? ராத்திரி நனைக்கிறது யாரு, வெட்டுறது யாரு, தூளை அளந்து வச்சுத் தலையை மடக்குறது யாரு? அந்த ஆளுக்கு எழுதணும். அட்ரஸ் இருக்கா? எழுதி, ஒரு கட்டுப் பீடியும் சேர்த்து அனுப்பணும், பிடிச்சுப் பார்க்கட்டும், கதை எங்க முடியுதுன்னு தெரியும். அவரு பீடி பிடிக்காதவரா இருந்தா? பிடிக்காதவனா இருந்தா மோந்து பார்க்கட்டும்!

கொலைக்கதை வாசித்தபோது இதில் கால்வாசிச் சத்தம்கூட இல்லை.

"முதல்ல முழுசாப் படிப்போம்" என்றாள் கௌசு. கத்தாமலே கேட்டது. உயரப் பலகையிலிருந்து பேசினால் கேட்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. "படிச்சுட்டு எழுதலாம். ஒரு பக்கத்தைக் கேட்டுட்டு எழுதினா, அவரு நம்மளைப் பார்த்துச் சிரிப்பாரு."

டக், டக், டக்.

சாத்துக்குட்டி முறத்தின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தார். நடுவரிசை சேர்ந்துகொண்டது. பின்வரிசை மூன்றும் கூரை ஓட்டைப் பெயர்க்கிற மாதிரி தட்டின. யசோதை இரண்டு கையிலும் கத்தரி வைத்திருந்தாள். ஒன்று அவளுடையது, மற்றது கௌசுவுடையது. முன்வரிசையில் பொக்கன் மட்டும் மீசையை இழுத்துக்கொண்டிருந்தான்.

"கரடி மறுபடி வருமா?" என்றான்.

"எழுபதாம் பக்கத்துல ஒரு ஆளைத் துரத்துது."

"பிடிச்சுதா?"

"அதை இப்போ சொல்லுவாங்களாடா?"

பொக்கனும் தட்டினான்.

சாயங்காலம் கட்டுக் கட்டுகிற நேரத்தில் அனந்தன் தன் முறத்தை எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். கொலைக்கதைக்கும் மழைக்கும் சேர்த்து அவனுக்குச் சேர வேண்டியது வந்தது. பிறகு, யாரும் சொல்லாமலே, ஆட்கள் பின்வரிசைக்கு நடந்தார்கள். கௌசுவின் முறத்தில் பீடி விழுந்தது. முகம் நிமிர்ந்து பார்க்காமலே யாருடையதென்று அவளால் சொல்ல முடிந்தது. தலை அகலமாக மடங்கியது மம்முவுடையது. நூல் கீழே இறங்கியது யசோதையுடையது. தூள் குறைத்து ஏமாற்றுகிறது பொக்கனுடையது. ஆளுக்குச் சரியாக நாலு. அனந்தனுக்குப் போடுகிற அதே கணக்கு. ஒன்று குறையவும் இல்லை, பொம்பளையாச்சே என்று ஒன்று கூடவும் இல்லை.

கடைசியாக வந்தது சாத்துக்குட்டி. அவருடைய நாலும் அச்சில் வார்த்தது போல இருந்தன. பக்கத்தில் அந்த முறிந்த இலையையும் வைத்தார்.

"இதை அடையாளத்துக்கு வச்சுக்கோ. இதை எவனும் சுத்த மாட்டான்."

அனந்தன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். "திங்கட்கிழமை யாரு ஏறுறது, நானா நீயா?"

கௌசு முறிந்த இலையைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வைத்து மூடினாள். கொஞ்சம் யோசித்து, இந்தக் கூட்டத்தை நம்பாமல், மேலே நூலையும் இறுக்கி மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"நீங்க பத்திரிகை வாசிங்க ஏட்டா" என்றாள். "இது நான் சொன்ன புஸ்தகம்."